பழைய பென்ஸை 'பார்க் அண்ட் சேல்' கடையில் விடும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரில் பழைய நல்ல கார் வைத்திருந்து, விற்கலாம் என்ற யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். 'பார்க் அண்ட் சேல்' என்றால் வண்டியைக் கடையில் நிறுத்திவிட்டு வருவது, நமக்காக அவர்களே விற்றுக் கொடுப்பார்கள். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

வண்டி 1994 மாடல் மெர்சிடிஸ் இ320, டபிள்யூ124 பாடி. சிங்கப்பூரில் வேலை முடிந்து திரும்பியபோது சித்தப்பா கொண்டுவந்தது. 3.2 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், 220 குதிரைத்திறன். அந்தக் காலத்து பென்ஸ்களில் எஞ்சின் வயரிங்கின் மேலுறை சூட்டில் காய்ந்து பொடிப்பொடியாக உதிரும். அதை முழுசாக மாற்றி, ஹெட் கேஸ்கெட்டும் புதிதாகப் போட்டு, எஃப்சி புதுப்பித்து, ஒவ்வொரு பில்லையும் ஃபைலில் வைத்திருந்தோம். நாலாயிரம் ஆர்பிஎம்மைத் தாண்டும்போது அந்த எஞ்சின் எழுப்பும் சத்தத்துக்காகவே சித்தப்பா அதை இத்தனை வருஷம் வைத்திருந்தார். முழங்கால் வலியால் ஓட்ட முடியாமல் போன பிறகுதான் மனசில்லாமல் விற்கச் சொன்னார்.

கடைக்காரர் நம்ம ஊர்க்காரர், தமிழிலேயே பேசினார். "அண்ணா, வண்டியை இங்கே நிறுத்துங்க. வித்த அன்னைக்கே பணம் உங்க அக்கவுண்ட்ல இருக்கும்" என்றார். ஒப்பந்தம் எழுதினோம். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் கேட்டார். நான் போடவில்லை. ஒரிஜினல் ஆர்சியையும் கொடுக்கவில்லை. வண்டி இன்று வீட்டில் நிற்பதற்கு அதுதான் காரணம்.

கொஞ்ச நாள் கழித்து என் ஃபோனுக்கு ஃபாஸ்டேக் மெசேஜ் வந்தது. அத்திப்பள்ளி டோல். அடுத்தது கிருஷ்ணகிரி. உடனே கூப்பிட்டேன். "ஷோரூம்லயேதான் நிக்குது அண்ணா, தொடைச்சிட்டிருக்காங்க" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டோல் மெசேஜ். அப்புறம் வேகமாகப் போனதற்கு அபராதமும் வந்தது, என் சித்தப்பா பேரில்.

கடைக்குப் போனால் வண்டி இல்லை, சர்வீஸ் போயிருக்கிறது என்றார்கள். போலீஸில் புகார் கொடுத்த பிறகுதான் கண்ணில் காட்டினார்கள். சாவியைத் திருப்பியதுமே வித்தியாசம் தெரிந்தது. மெல்ல முனகி எழும் எஞ்சின் தகர டப்பாவை உருட்டியது போல அலறியது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்து எடுத்துவிட்டு வெறும் குழாயை வெல்ட் வைத்திருக்கிறார்கள். அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கும், அதுக்காகத்தான். எட்டுத் துளை அலாய் சக்கரங்கள் நான்கும் போய், ஏதோ டூப்ளிகேட் சக்கரங்கள். பெக்கர் ரேடியோ இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. இத்தனையும் செய்துவிட்டு, பார்க்கிங், பாலிஷ் என்று 38,000 ரூபாய்க்கு பில் வேறு நீட்டினார்கள். ஸ்டேஷனில் வைத்துப் பேசியதால் அதைக் கட்டாமல் வண்டியை எடுத்து வந்தோம். இவர்களுக்குக் கொஞ்சமும் மனசு உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்த கிருஷ்ணகிரி ரோட்டில் யாரையாவது இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வண்டியை விற்றுக் கைமாற்றிய பிறகும் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. நாங்கள் விற்கவே இல்லை.

2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்களுக்கு ஆர்டிஓ அங்கீகாரம் வேண்டும். கடையில் முதலில் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். வண்டியை ஒப்படைத்ததை ஃபார்ம் 29சி வழியாகப் பதிந்தால், அதன் பிறகு பொறுப்பு டீலருடையது. டெஸ்ட் டிரைவ், ரிப்பேர் மாதிரி சில காரணங்களுக்கு மட்டுமே அவர் வண்டியை வெளியே எடுக்கலாம், ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இதெல்லாம் எதுக்கு சார் என்று இழுத்தால் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஒப்படைக்கும்போது டயர், சக்கரம், ரேடியோ, வண்டியின் அடிப்பகுதி, கிலோமீட்டர் மீட்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, அங்கேயே அவர்கள் நம்பருக்கு அனுப்புங்கள். என்னிடம் அந்த வீடியோ இருந்ததால்தான் போலீஸில் என் பேச்சு எடுபட்டது. ஃபாஸ்டேக்கையும் அவசரப்பட்டு மூடாதீர்கள்.

எங்கள் அலாய்களில் ஒன்றில், காற்றடிக்கும் வால்வுக்குப் பக்கத்தில் ஆழமான கீறல் ஒன்று வளைந்து ஓடும். கார் பாகங்கள் விற்கும் ஜேசி ரோட்டிலோ சிவாஜிநகரிலோ யாராவது பார்த்தால், வாங்காமல் எனக்குச் சொல்லுங்கள்.