நின்ற காரை இடித்துவிட்டார்கள்: காப்பீடா, கைக்காசா, இடித்தவர் காசா?

நிறுத்தி வைத்திருந்த காரை யாராவது இடித்துவிட்டால் நான்கு வழிகள் இருக்கின்றன. இடித்தவரிடமே செலவை வாங்கலாம். நம் காப்பீட்டில் கிளெய்ம் போடலாம். இடித்த வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் வழியாக இழப்பீடு கேட்கலாம். எதுவும் வேண்டாம் என்று கைக்காசைப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். என் ஓட்டு முதல் வழிக்கு. அதிலும் பணத்தைக் கையில் வாங்காமல், பட்டறைக்கே கட்டச் சொல்வதுதான் உத்தமம். அண்மையில் நங்கநல்லூரில் தெருவோரம் நின்றிருந்த என் காரின் மீது, பின்னால் எடுத்த ஒரு குட்டி யானை (சிறிய சரக்கு வண்டி) மோதி, பின்கதவையும் அதை ஒட்டிய பேனலையும் நசுக்கி, பம்பரின் ஒரு மூலையைப் பெயர்த்துவிட்டது. அப்போது அப்படித்தான் செய்தேன். ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இரண்டு வண்டிகளும் நின்ற நிலையிலேயே படம் எடுப்பது, எண் பலகையைக் குறித்துக்கொள்வது, வாகன விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டுக் காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் எல்லோரும் செய்வதுதான். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஓட்டுநரின் சாவியையோ உரிமத்தையோ பிடுங்கி வைத்துக்கொள்வது. தெருவில் சர்வ சாதாரணமாக நடக்கிறது என்றாலும் அந்த அதிகாரம் நமக்குக் கிடையாது. உரிமத்தைப் படம் எடுத்துக்கொண்டாலே போதும்.

அந்த இடத்திலேயே ரொக்கம் வாங்குவதை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன்? சேதத்தின் அளவு அப்போது நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வண்டியை ஓட்டி வந்த இளைஞர், "சார், என்னிடம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் இருக்கிறது. வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள், முதலாளிக்குத் தெரிந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்" என்றார். பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. "தம்பி, உன் பணம் வேண்டாம், முதலாளியைக் கூப்பிடு" என்றேன். வேலையில் இருக்கும் ஓட்டுநர் செய்த சேதத்துக்கு வண்டி உரிமையாளரே பொறுப்பு என்பது சட்டம். தினக்கூலிக்காரரின் சட்டைப் பையைத் துழாவுவதைவிட உரிமையாளரிடம் பேசுவதே முறையும்கூட.

டிங்கரிங் பட்டறையில் வேறொரு விஷயம் தெரிந்தது. அங்கிருந்த மேஸ்திரி கதவைக் கண்ணால் பார்க்கவே இல்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். நான் ஒரு நசுங்கல் என்று எண்ணியிருந்த இடத்தில் இரண்டு இருந்தன. கதவின் கீழ் விளிம்பும் உள்ளே போயிருந்தது. அதனால்தான் கதவைச் சாத்தும்போது ரப்பர் உரசும் சத்தம் கேட்டது. மெட்டாலிக் நிறம் என்பதால் கதவுக்கு மட்டும் அடித்தால் வெயிலில் தனியாகத் தெரியும், பக்கத்துப் பேனலிலும் கொஞ்சம் இழைக்க வேண்டும் என்றார். ஆயிரத்து ஐந்நூறு பட்டி பார்க்கவே போதாது.

உரிமையாளர் முதலில் சற்று முரண்டு பிடித்தார். பிறகு பட்டறையின் மதிப்பீட்டைக் காட்டியதும் இறங்கி வந்தார். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் 19,000 ரூபாய் கேட்டார்கள். வெளிப் பட்டறையில் பம்பரை மாற்றாமல் சூடேற்றி வடிவத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி 11,000 கேட்டார்கள். பாதியை வேலை தொடங்கும்போதும் மீதியை வண்டியை எடுக்கும்போதும் அவரே யு.பி.ஐ.யில் பட்டறைக்குக் கட்டினார். "இந்த எண்ணுள்ள காரின் பழுதுச் செலவை ஏற்கிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். ஓட்டுநரின் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். கேட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

இனி கிளெய்முக்கு வருவோம். "ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறோம், பிறகு எதற்காம் காப்பீடு?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் நோ கிளெய்ம் போனஸ் என்ற ஒற்றைச் சமாச்சாரத்தில் இருக்கிறது. கிளெய்ம் இல்லாமல் ஓர் ஆண்டு ஓடினால் சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது நம் காரின் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில், 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதத்தில் நிற்கும். பிறருக்கு நம் வண்டியால் வரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் பிரீமியத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் எல்லாம் பூஜ்யம். தப்பு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. கார் சும்மா நின்றிருந்தாலும் கிளெய்ம் கிளெய்ம்தான்.

பெரும்பாலோர் இதை ஓராண்டு நஷ்டமாக மட்டும் பார்க்கிறார்கள். கணக்கு அங்கே முடிவதில்லை. தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதத்தில் இருப்பவர் 6,000 கட்டுகிறார். கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு 12,000. அதற்கடுத்து 9,600, பிறகு 9,000, 7,800, 6,600. ஆறாம் ஆண்டில்தான் பழைய 6,000-க்குத் திரும்புவார். கூடுதலாகக் கட்டியதைக் கூட்டினால் 15,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் 17,700. இப்போதுதான் 20 சதவீதத்தைத் தொட்டவருக்கு இழக்க ஒன்றுமில்லை என்று தோன்றும். அவரும் ஏறவிருந்த படிகளை இழப்பதால் வரிக்கு முன்பே 9,600 ரூபாய் போகிறது.

சரி, அந்த 19,000 ரூபாய் மதிப்பீட்டுக்குக் காப்பீட்டில் என்ன கிடைத்திருக்கும்? அதில் பம்பர் 5,000, பெயின்டிங் 9,000, மற்றது கூலி. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் தேய்மானம் பாதி, அதாவது 2,500 நம் தலையில். பெயின்டிங் தொகையில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு அதிலும் பாதியைக் கழிப்பார்கள், அது 1,125. ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,500 சி.சி. வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஆக நம் பங்கு 4,625 போக, நிறுவனம் தருவது 14,375. அதைப் பெறுவதற்கு ஐந்தாண்டுகளில் திருப்பிக் கொடுப்பது 17,700. காப்பீட்டு நிறுவனத்திடம் நாம் வட்டிக்குக் கடன் வாங்கிய மாதிரிதான்.

காரின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் பிரீமியமும் சற்று இறங்கும். நிஜ நஷ்டம் மேலே சொன்னதைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆனால் எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. இந்தப் போனஸ் காருக்கு உரியதன்று, காரின் சொந்தக்காரருக்கு உரியது. பழைய காரை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கும்போது, காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் வாங்கிப் புது காருக்கு மாற்றிக்கொள்ளலாம். கடிதம் மூன்றாண்டு செல்லும். புது காரின் சொந்தச் சேதப் பிரீமியம் 24,000 என்றால் 50 சதவீதத்தின் மதிப்பு முதல் ஆண்டிலேயே 12,000. ஓரிரு ஆண்டில் காரை மாற்றும் எண்ணம் உள்ளவர்கள் சின்ன நசுங்கலுக்குக் கிளெய்ம் போடுவது எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. கிளெய்ம் போட்டுவிட்டு வேறு நிறுவனத்துக்குத் தாவி மறைத்துவிடலாம் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நிறுவனங்கள் ஒன்றிடம் ஒன்று சரிபார்த்துக்கொள்கின்றன. பொய் உறுதிமொழி பிறகு பெரிய கிளெய்மையே கவிழ்த்துவிடும்.

கிளெய்ம் சரியான வழியாகும் இடங்களும் உண்டு. பெரிய லாரி இடித்துப் பக்கவாட்டே உள்ளே போய்விட்டது, மதிப்பீடு அறுபதாயிரம், எழுபதாயிரம் என்றால் போனஸ் கணக்கெல்லாம் தூசு. தேய்மானமில்லாக் காப்பீடும் போனஸ் பாதுகாப்பும் கூடுதலாக எடுத்திருப்பவர்களுக்கும் கணக்கு மாறும். போனஸ் பாதுகாப்பை நான் எடுத்துப் பார்த்ததில்லை; எத்தனை கிளெய்ம் வரை தாங்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் பாலிசியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஒன்று முக்கியம்: கிளெய்ம் போடும் யோசனை கொஞ்சமாவது இருந்தால் நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுங்கள், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்முன் பட்டறையில் கை வைக்க விடாதீர்கள். இடித்தவரிடம் முழுச் செலவையும் வாங்கிக்கொண்டு கிளெய்மும் போடுவது மோசடி.

மூன்றாவது வழி தீர்ப்பாயம். இடித்த வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடு நம் காரின் சேதத்துக்கும் பொருந்தும். தனியார் காராக இருந்தால் சொத்துச் சேதத்துக்கு வழக்கமான வரம்பு ஏழரை லட்சம் ரூபாய். நம்மிடம் உள்ள மூன்றாம் நபர் பாலிசி நம் காருக்கு உதவாது என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் மனு போட வேண்டும்; 2019 திருத்தம் அதற்கு ஆறு மாத வரம்பு வைத்தது. சென்னையில் இந்தத் தீர்ப்பாயங்கள் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இயங்குகின்றன. நான் இந்தப் பக்கம் போனதில்லை. உயிரிழப்பும் கை கால் இழப்பும் வரிசையில் நிற்கும் இடத்துக்கு ஒரு பம்பரைத் தூக்கிக்கொண்டு போக மனமும் வரவில்லை. சேதம் பெரியது, நம்மிடம் முழுக் காப்பீடும் இல்லை, இடித்தவரும் மசியவில்லை என்றால் வக்கீல் ஒருவரைக் கேட்டுப் பார்க்கலாம்.

கைக்காசு வழியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வண்ணம் மட்டும் உரசியிருந்தால், நகத்தால் வருடும்போது கீறல் தட்டுப்படாவிட்டால், ரப்பிங் பாலிஷிலேயே பெரும்பாலும் போய்விடும். அதற்கு யாருடனும் வாக்குவாதம் தேவையில்லை.

இடித்தவர் நிற்காமல் ஓடிவிட்டால் முதல் வழி அடைபட்டுவிடுகிறது. அப்போது எதிர் வீட்டு, மளிகைக் கடைக் கேமராக்களை அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். பழைய பதிவுகளின் மேலேயே புதியவை பதிவாகிக்கொண்டிருக்கும். எண் தெரிந்தால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். காவல் நிலையத்திலிருந்து ஒரு போன் போனால் வண்டிக்காரர் தாமாகவே பேச வருவதுண்டு. வந்தால் நேரே பட்டறைக்கு அழைத்துப் போங்கள். எண்ணும் தெரியாவிட்டால், வெளிப் பட்டறையில் ஒரு மதிப்பீடு வாங்கி, உங்கள் பாலிசியில் இருக்கும் போனஸ் சதவீதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் காருக்கு 20,000 ரூபாய்க்குக் கீழே எது வந்தாலும் நான் கிளெய்ம் படிவத்தைத் தொட மாட்டேன்.