பிரித்துக் கட்டிய எஞ்சின் ஜாம்: தண்ணீரா, சூடா, பூட்டியதில் கோளாறா?

எங்கள் குமரி மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எல்லை ஊரான நீரோடி தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அது 52 நாள். முடிவது மட்டும் இரண்டு பக்கமும் ஒரே நாள். அதனால் ஜூலை கடைசியில் எல்லா லேத் பட்டறையிலும் ஒரே நெருக்கடி. போன வருடம் மச்சானின் படகு எஞ்சினும் அந்த அவசரத்தில்தான் கட்டி முடிந்தது. ஆறு சிலிண்டர் டீசல். ஸ்லீவ் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறை), பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. தேங்காய்ப்பட்டணத்தில் இறக்கி முக்கால் மணி நேரம் ஓட்டினோம். சத்தம் கனத்தது, வேகம் தானாக இறங்கியது, நின்றுவிட்டது.

கட்டிக்கொடுத்த பட்டறைக்காரர், “சைலன்சர் வழியா கடல் தண்ணி ஏறியிருக்கும்” என்றார். படகில் பூட்டியவர், “பிஸ்டனை டைட்டா போட்டிருக்காங்க” என்றார். துறையில் நின்ற மூத்த ஆசான் ஒருவர்தான், “முதல்ல கப்ளிங்கைக் கழற்றுங்க மக்களே, அப்புறம் பேசலாம்” என்றார்.

அவர் சொன்ன வரிசைதான் சரி. எஞ்சின் பக்கத்தை விசிறி ஷாஃப்ட்டோடு இணைப்பதுதான் கப்ளிங். அதன் போல்ட்டைக் கழற்றிய பிறகு எஞ்சின் லேசாகச் சுற்றினால், உள்ளே பிடிக்கவில்லை என்று பொருள். ஷாஃப்ட், படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிய வலை என்று வெளியே தேடலாம். கப்ளிங்கின் இரண்டு முகத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு நான்கு பக்கமும் பாருங்கள். 100 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அலைன்மென்ட் தப்பு. கரையில் வைத்துப் பார்த்த அளவு போதாது. தண்ணீரில் இறங்கியதும் படகின் உடம்பு கொஞ்சம் வளையும், அதனால் மிதக்கும்போது மறுபடி பார்க்க வேண்டும்.

கப்ளிங்கைக் கழற்றியும் சுற்றவில்லையா? அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்ப வேண்டும். தண்ணீர் என்றால் ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும், எஞ்சினும் விடுபடும். தண்ணீர் ஏறியதற்கு வேறு அடையாளமும் உண்டு: அது பெரும்பாலும் ஸ்டார்ட் பண்ணும் நொடியில்தான் பிடிக்கும். ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்ப அடித்தால், பம்ப் தள்ளும் கடல் தண்ணீரை வெளியே ஊத புகை இல்லாமல் சைலன்சர் நிரம்பி, தண்ணீர் திரும்பி சிலிண்டருக்குள் இறங்கும். ஓடிக்கொண்டிருந்தது மெல்ல மெல்லக் கனத்து நின்றால் சந்தேகம் சூட்டின் மேல் போக வேண்டும். சூட்டில் பிடித்தது சில சமயம் ஆறியதும் கொஞ்சம் அசையும். பேரிங் பிடித்திருந்தால் பெரும்பாலும் ஆறினாலும் இறுக்கம் போகாது; ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உலோகப் பொடி தெரியும்.

எங்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து எஞ்சின் கால் சுற்று அசைந்தது. ஹெட்டைத் தூக்கினோம், ஸ்லீவில் நெடுகக் கீறல். பின்னால் வெளியே எடுத்தபோது பிஸ்டனில் நான்கு மூலையிலும் உரசல். ஆயில் வராமல் பிடித்திருந்தால் உரசல் இப்படி நாலு மூலையில் நிற்காது. ஒன்று பிஸ்டனுக்கு இடைவெளி குறைவு, இல்லை எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. அளந்து பார்த்ததில் இடைவெளி சரியாகத்தான் இருந்தது. எஞ்சினைத் தூக்கும் முன்பே கடல் தண்ணீர் பம்ப்பைத் திறந்திருந்தோம்; தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரில் பாதி இதழைக் காணோம். “சத்தம் கேட்கலாம்” என்று பட்டறையில் தண்ணீர் இல்லாமல் சில நிமிஷம் ஓட்டியிருக்கிறார்கள். அந்த ரப்பர் காய்ந்து ஓடினால் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. உதிர்ந்த துண்டுகள், எஞ்சின் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் அடைத்துக் கிடந்தன. பூட்டியவரும் பம்ப்பைத் திறந்து பார்க்கவில்லை, தண்ணீர் வெளியே வருகிறதா என்று எட்டிப் பார்க்கவும் இல்லை.

சரி, படகிலேயே வைத்துப் பிரிப்பதா, தூக்குவதா? தண்ணீர் என்றால் படகிலேயே முடியும். ஆனால் அன்றைக்கே செய்ய வேண்டும்: நாசில் ஓட்டை வழியாகத் தண்ணீரை வெளியேற்றி, சிலிண்டருக்குள் ஆயில் விட்டுச் சுற்றி, சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) உள்ள ஆயிலைப் பால் நிறம் போகும்வரை மாற்ற வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் உப்பு புது ஸ்லீவைத் தின்னத் தொடங்கும். கீறல், பேரிங் என்றால் தூக்காமல் வழியில்லை. பெட்டுக்கு (எஞ்சினைத் தாங்கும் கட்டைகள்) நடுவே உட்கார்ந்திருக்கும் எஞ்சினில் சம்ப்பைக் கழற்ற இடமே கிடைக்காது. பலர் சொல்லும் மூன்றாவது வழி, பழைய லாரி எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டுவது. பிளாக் வெடித்தோ கிராங்க் வளைந்தோ போனால் தவிர நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். லாரி சம்ப், படகில் எஞ்சின் சாய்ந்து உட்காரும் கோணத்துக்குச் செய்தது இல்லை. டிப் ஸ்டிக் காட்டும் அளவும் அங்கே பொய்யாகிவிடும்.

தூக்குவதற்கு முன் பட்டறைக்காரரையும் பூட்டியவரையும் ஒன்றாகப் படகுக்கு வரச் சொல்லி, அவர்கள் கண்முன்னால்தான் பம்ப்பைத் திறந்தோம். செலவில் ஆளுக்குப் பாதி என்று அங்கேயே பேசி முடித்தார்கள். படகு 19 நாள் கரையில் கிடந்தது.