"டிஸ்க் ஃபுல்" என்று சொல்லிப் பணம் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள்

எங்களுடையது மூன்று கிளைகள் உள்ள மருந்துக்கடை. பில்லிங் ஒரு வாடகை சர்வரில், உபுண்டுவில் (ஒரு வகை லினக்ஸ்) ஓடுகிறது. சாஃப்ட்வேரையும் சர்வரையும் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு வருடச் சந்தா கட்டுகிறோம். பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் இதே வித்தையை வேறு கடைக்காரர்களிடமும் காட்டுவார்கள் என்பதால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் பில்லிங் நின்றுவிட்டது. போன் போட்டால், "சார், டிஸ்க் 98 பர்சென்ட் ஃபுல். லினக்ஸோட ஜர்னல் லாக்தான் ஏறிக்கிட்டே போகுது. லாக்கை எல்லாம் அழிச்சும் பார்த்துட்டோம், இறங்கவே இல்ல. 50 ஜிபி இனிமே பத்தாது, 100 ஜிபிக்குப் போயிடுங்க" என்றார்கள். லாக் என்றால் நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் பதிவு ஃபைல், ஜர்னல் என்பது சிஸ்டம் தானே எழுதிக்கொள்ளும் பதிவு. ஆதாரமாக ஒரு ஸ்கிரீன்ஷாட். டிஸ்க் மாற்ற ஒரு பில், மாதாமாதம் 'லாக் கிளீனிங்' என்று இன்னொரு பில். கவுன்டரில் ஆட்கள் மருந்துச் சீட்டோடு நிற்கிறார்கள். கட்டினோம்.

மாற்றி முடித்ததும், டிஸ்கில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் (df) கமாண்டைப் போட்டுப் பார்த்தேன். பயன்பாட்டில் இருந்தது வெறும் 14 ஜிபி. முந்தின நாள் 47 ஜிபி காட்டிய அதே சர்வர்! கேட்டால், "ஆப்டிமைஸ் பண்ணிருக்கோம் சார்."

ரூட் யூசர் (சர்வரில் முழு அதிகாரம் உள்ள கணக்கு) போட்ட கமாண்டுகளின் ஹிஸ்டரியைப் புரட்டினேன், விஷயம் வெளியே வந்தது. பில்லிங் ஆப் எழுதும் லாக் ஃபைலை ஆர்எம் (rm) என்ற கமாண்ட் போட்டு அழித்திருக்கிறார்கள், ஆனால் ஆப்பை ரீஸ்டார்ட் செய்யவில்லை. லினக்ஸில் ஆர்எம் போட்டால் போவது ஃபைலின் பெயர் மட்டும்தான். ஏதாவது ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரை இடம் விடுபடாது. வீட்டைக் காலி செய்யாதவரின் பெயர்ப் பலகையை மட்டும் கழற்றின மாதிரி. பெயர் உள்ள ஃபைல்களை மட்டுமே கூட்டுவதால் டியூ (du) கமாண்ட் 14 என்றிருக்கும், பிடித்து வைத்த இடம் முழுவதையும் எண்ணும் டிஎஃப் 47 என்றிருக்கும். நடுவில் உள்ள 33 ஜிபிதான் எனக்கு 'டேட்டா வளர்ச்சி' என்று விற்கப்பட்டது. டிஸ்க் மாற்றும்போது சர்வர் ரீபூட் ஆனது, இடமும் தானாக விடுபட்டது. பணம் செலவில்லாமல் ஒரு ரீஸ்டார்ட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

ஜர்னல் மேல் பழி போட்டதும் பொய். அந்த ஜர்னலுக்கு (சிஸ்டம்டி என்ற லினக்ஸ் புரோகிராம் எழுதுவது) நாமாக எதையும் மாற்றாவிட்டால் டிஸ்கில் பத்து சதவீதம்தான் உச்சவரம்பு, அதுவும் 4 ஜிபியைத் தாண்டாது. பழசை அதுவே கழித்துக்கொள்ளும். 'ஜர்னல்சிடிஎல் டிஸ்க்-யூசேஜ்' (journalctl --disk-usage) போட்டால் ஒரே வரியில் அளவு தெரிந்துவிடும். எங்கள் சர்வரில் அது 1 ஜிபிகூட இல்லை.

அப்புறம் அந்த லாக் ஏன் அவ்வளவு வீங்கியது? முன்பு ஒரு ஜிஎஸ்டி கோளாறைச் சரிசெய்ய இவர்களே, ஒவ்வொரு அசைவையும் லாக்கில் எழுதும் டீபக் மோடைப் போட்டுவிட்டு அணைக்காமல் போயிருக்கிறார்கள். லாக்கில் புதிதாக விழும் வரிகளைக் காட்டும் டெய்ல் கமாண்டைப் போட்டு வேடிக்கை பார்த்தேன். ஒரு பாராசிட்டமால் அட்டையை ஸ்கேன் செய்தால் திரை நிறைய வரிகள் ஓடுகின்றன: பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, ஸ்டாக் தேடிய கேள்வி, வந்த பதில், கடைசியில் வாடிக்கையாளரின் போன் நம்பர். மூன்று கிளைகளில் நடக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் இதே கதை. பழைய லாக்குகளைப் பராமரிக்கும் லாக்ரொடேட் புரோகிராமின் பட்டியலில் இந்த ஃபைலைச் சேர்க்கவே இல்லை, அதனால் சுருக்கவும் கழிக்கவும் ஆளில்லை. போன் நம்பர்கள் அப்படியே கிடந்தது எனக்கு இடப் பிரச்சினையைவிடப் பெரிய எரிச்சல்.

தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே செய்தார்களா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. இரண்டுக்கும் பில் ஒன்றுதான்.

யாராவது உங்களிடம் டிஸ்க் நிறைந்துவிட்டது என்றால் டிஎஃப் ஸ்கிரீன்ஷாட்டோடு விட்டுவிடாதீர்கள். அதே நேரத்தில் எடுத்த டியூ கணக்கையும் கேளுங்கள், ரூட் அனுமதியோடு ஓட்டியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாதி ஃபோல்டர்கள் கணக்கில் வராது. இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் 'எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1' (lsof +L1) ஓட்டச் சொல்லுங்கள். அழித்தும் போகாத ஃபைல்கள், அவற்றைப் பிடித்திருக்கும் புரோகிராமின் பெயரோடு வந்து நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பின் லாக்கை அழிக்காமல் ட்ரங்கேட் செய்தாலே (ஃபைலை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்வது) பெரும்பாலும் இடம் உடனே கிடைக்கும். டாக்கர் (ஆப்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள்: அது வழக்கமாக ஜேசன் வடிவில் எழுதும் லாக்குக்கு நாமாக வரம்பு வைக்காவிட்டால் வரம்பே கிடையாது.

ஹிஸ்டரியின் படத்தை அனுப்பியதும் 'லாக் கிளீனிங்' கட்டணத்தைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள். டிஸ்க் மாற்றிய காசு திரும்பவில்லை. எங்கள் சர்வர் திட்டத்தில் டிஸ்கைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. அதனால் 100 ஜிபிக்கான வாடகை மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. சந்தா மார்ச்சில் முடிகிறது, அதற்குள் வேறு ஆள் பார்த்தாக வேண்டும்.