கார் பேட்டரி மாற்றம்: சாதாரணம், இ.எஃப்.பி., ஏ.ஜி.எம். எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

வண்டியோடு வந்த பேட்டரி எந்த வகையோ (சாதாரணம், இ.எஃப்.பி., ஏ.ஜி.எம். என்பது ஏறுவரிசை), அதிலிருந்து ஒரு படிகூடக் கீழே இறங்கக் கூடாது. மேலே ஏறுவது எப்போதும் லாபமல்ல. வீட்டிலேயே பேட்டரி மாற்ற நினைப்பவர்கள் முதலில் இந்த இரண்டையும் மனத்தில் வைத்தால், பாதித் தவறுகள் கடையிலேயே தவிர்ந்துவிடும்.

சாதாரண ஈய-அமில பேட்டரியில் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். செல்ஃப் மோட்டாருக்குச் சில நொடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பது, பிறகு ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) மீண்டும் நிரம்பிக்கொள்வது, அவ்வளவுதான் இதன் வேலை. அடிக்கடி பாதிக்குக் கீழே வடிந்தால் தாங்காது: தகட்டில் சல்பேட் படிந்து இறுகும், பாசிட்டிவ் தகட்டின் பூச்சு உதிர்ந்து அடியில் சேறாகத் தங்கும். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள வண்டியில் (நின்றால் எஞ்சினைத் தானே அணைத்து, கிளம்பும்போது மீண்டும் ஓட்டும்), எஞ்சின் அணைந்து நிற்கும்போதெல்லாம் விளக்கு, விசிறி, பாட்டு எல்லாம் பேட்டரியிலிருந்தே ஓடுகின்றன. அங்கே சாதாரண பேட்டரியை மாட்டினால் வெகு சீக்கிரம் உட்கார்ந்துவிடும்.

இ.எஃப்.பி. இதன் பலப்படுத்திய வடிவம். அமிலம் திரவமாகவேதான் இருக்கும். ஆனால் தகடுகள் தடிமனானவை, பாசிட்டிவ் தகட்டின் மேல் பாலியஸ்டர் வலை போர்த்தியிருப்பதால் பூச்சு எளிதில் உதிராது. எஞ்சின் அறையின் சூட்டையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். ஸ்டார்ட்-ஸ்டாப் இல்லாத வண்டியில் தினமும் குறுந்தூரம் மட்டும் ஓட்டுபவர், சாதாரணத்திலிருந்து மேலே ஏற விரும்பினால் இதுதான் என் தேர்வு.

ஏ.ஜி.எம்.மில் அமிலம் தளும்பாது. கண்ணாடி இழைப் பாய் அதை உறிஞ்சிப் பிடித்திருக்கும். மின்தடை குறைவு, அடிக்கடி வடிந்து நிரம்புவதைத் தாங்கும் திறன் மூன்றிலும் இதற்கே அதிகம். இரண்டு குறைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. உள்ளே அமிலம் அளவோடுதான் இருக்கிறது, தண்ணீர் ஊற்ற வழியில்லை. ஆகவே சூடும் அதிக மின்னேற்றமும் சேர்ந்தால் உலர்ந்துபோகும். பல கார்களில் ஏ.ஜி.எம். டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்து, முழுதாக நிரம்பிய ஏ.ஜி.எம். ஓய்வில் 12.8 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டும் (சாதாரணம் 12.6 முதல் 12.7). 14 வோல்ட்டை எட்டாத பழைய ஆல்டர்னேட்டரோடு குறுந்தூரமே ஓடினால் அது முழுதாக நிரம்பாமலே காலம் தள்ளும். பழைய வண்டியின் சூடான எஞ்சின் அறையில் ஏ.ஜி.எம். போடுவது கூடுதல் பணத்துக்குக் குறைந்த ஆயுளை வாங்குவதாகவே முடியும்.

சுருக்கமாக: ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் ஏ.ஜி.எம். மட்டுமே. இ.எஃப்.பி. இருந்த இடத்தில் இ.எஃப்.பி., அல்லது வண்டியின் கணினியில் வகையை மாற்றிப் பதிய முடிந்தால் ஏ.ஜி.எம். போடலாம். சாதாரணம் இருந்த இடத்தில் நல்ல சாதாரணமே போதும்.

அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். டின் (DIN, ஜெர்மன் தர அளவு) வகைப் பெட்டிகளில் டெர்மினல்கள் மேல்மட்டத்துக்குள் அமுங்கியிருக்கும், அடிப்பக்க விளிம்பைக் கிளாம்ப் பிடிக்கும். ஜிஸ் (JIS, ஜப்பானியத் தர அளவு) வகையில் டெர்மினல்கள் மேலே துருத்தி நிற்கும், குறுக்குப் பட்டை மேலிருந்து அழுத்தும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் திணித்தால் பேட்டரி ஆடும், அல்லது பாசிட்டிவ் முனை பானெட்டை உரசும். 55பி24எல் என்ற ஜிஸ் எண்ணில் 55 என்பது ஆம்பியர்-மணி அல்ல, செயல்திறன் எண். 24 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. அந்த எழுத்தை வைத்துக் குழம்ப வேண்டாம். டெர்மினல்கள் உங்கள் பக்கம் வரும்படி பழையதைப் பாருங்கள். பாசிட்டிவ் வலமா இடமா என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கம் மாறினால் கேபிள் எட்டாது. இழுத்து எட்டவைத்தால் ஆபத்து. முனையின் தடிமனிலும் சிறியது, பெரியது என இரண்டு உண்டு. புதியதை வாங்குமுன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், மல்டிமீட்டரும் வையுங்கள். 12.4-க்குக் கீழே காட்டினால் வேறு கேளுங்கள்.

இனி மாட்டும் முறை. மின்சாரத்தை முழுதாகத் துண்டித்து மாற்றுவது ஒன்று. நினைவுக்காப்புக் கருவியை ஓ.பி.டி. சாக்கெட்டில் (கோளாறு பார்க்கும் கருவியை மாட்டும் இடம்) செருகி, மின்சாரம் அறாமல் மாற்றுவது இன்னொன்று. இரண்டாவது வசதியாகத் தோன்றும்: கடிகாரம், ரேடியோ குறியீடு, ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி ஏற்றம் எதுவும் அழியாது. ஆனால் கழற்றிய பாசிட்டிவ் கேபிள் முழு நேரமும் உயிரோடு இருக்கும். அது பாடியில் ஒருமுறை பட்டால் குறைந்தபட்சம் ஃபியூஸ் போகும். முதல்முறை செய்பவருக்கு முழுத் துண்டிப்பே நல்லது. ரேடியோ குறியீட்டை முன்பே எழுதி வைத்துக்கொண்டால், இழப்பு கடிகாரமும் ஜன்னல் அமைப்பும்தான். ஜன்னலைப் பல வண்டிகளில் முழுதாக ஏற்றி, பொத்தானைச் சில நொடிகள் பிடித்தால் திரும்பக் கற்றுக்கொள்ளும்.

கைக்கடிகாரம், மோதிரம் கழற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும், ஆகவே திறந்த இடமும் தீப்பொறி இல்லாத சூழலும் தேவை. சாவியை வெளியே எடுத்து 15 நிமிடம் காத்திருங்கள், கணினிகள் உறங்கட்டும். பேட்டரி டிக்கியில் இருந்தால் மூடி தானாகப் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10 மி.மீ. ஸ்பேனரால் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். காரணம் எளிது: நெகட்டிவ் பாடியோடு இணைந்திருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியைத் தொட்டால் முழு ஷார்ட். நெகட்டிவ் போன பிறகு தொட்டாலும் ஒன்றும் நடக்காது. கழற்றிய கேபிளைத் துணியில் சுற்றி ஒதுக்குங்கள். அந்த முனையில் சிறு பெட்டிபோல, பேட்டரியின் நிலையை அளக்கும் சென்சார் இருந்தால் நெம்பாதீர்கள். நட்டைத் தளர்த்தி நேராக மேலே தூக்குங்கள். பிறகு பாசிட்டிவ், பிறகு கிளாம்ப். எடை பெரும்பாலும் 12 முதல் 25 கிலோ. சாய்க்காமல் நேராகத் தூக்குங்கள்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, கம்பித் தூரிகையால் ஈயம் பளிச்சிடும் வரை தேயுங்கள். அமிலம் கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

புதியதை வைத்து முதலில் கிளாம்பை இறுக்குங்கள், பிறகு பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். பழையதில் வாயுக் குழாய் இருந்தால் புதியதிலும் மாட்டியே ஆக வேண்டும்; பேட்டரி கேபினுக்குள் இருக்கும் வண்டியில் இதை விட்டால் வாயு உள்ளேயே தங்கும். குழாய் மாட்டாத பக்கத் துளைக்கு மூடியும் போடுங்கள். டெர்மினல் நட்டை முழு பலத்தால் முறுக்காதீர்கள். ஈயம் மென்மையானது, முனை விரிசல் விட்டால் உத்தரவாதம் போச்சு. கையால் திருகினால் அசையாத அளவே போதும்.

சென்சார் உள்ள வண்டியில் ஸ்கேனரால் புதிய பேட்டரியைப் பதிவு செய்யாவிட்டால், கணினி இன்னும் தேய்ந்த பழையதற்கு ஏற்றபடியே மின்னேற்றிக்கொண்டிருக்கும். புதியதன் ஆயுள் அங்கேயே கரையும். பதிவு முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு முனைகளில் அளந்தால் பொதுவாக 13.8 முதல் 14.7 வோல்ட் வரும். தேவைக்கேற்ப ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும் புது வண்டிகளில் இது ஏறி இறங்கலாம். எஞ்சின் ஓடியும் 13-க்குக் கீழேயே நின்றால் முகப்பு விளக்கைப் போட்டு மறுபடி அளவெடுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் கோளாறு பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலோ கேபிளிலோதான்.