வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஆப்பை நம்பி 38,500 ரூபாய் போச்சு. பிக் லைன் உள்ளவர்கள் ஜாக்கிரதை

38,500 ரூபாய். ஒரு மாதத்துக்கு 12 விசிட், முழுப் பணமும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். ஆப்பின் பெயரைப் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பில்லை.

அம்மாவுக்குக் கீமோ. மேல்கை நரம்பு வழியாக பிக் லைன், அதாவது மருந்து ஏற்றும் நீளமான மெல்லிய குழாய், போட்டிருந்தார்கள். அதன் நுனி இதயத்துக்கு மேலே பெரிய ரத்தக் குழாயில் இருக்கும் என்றதும் பயந்துபோய்த்தான் ஆள் தேடினேன். போனில் பேசியவர், "பிக் லைன் எங்களுக்கு தினசரி வேலை சார். உங்கம்மா எங்கம்மா மாதிரி" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன். ஜிபே செய்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது.

முதலில் வந்த பெண் கை கழுவினார், கிளவுஸ் போட்டார். மூன்றாவது விசிட்டுக்கு வேறொருவர். லைன் மூடியைக் கழற்றி பெட்ஷீட்மேல் வைத்தார். ஸ்பிரிட் சீக்கிரம் காயட்டும் என்று வாயால் ஊதினார். பார்த்துக்கொண்டு சும்மா நின்ற என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன். ஓரம் பிரிந்திருந்த டிரஸ்ஸிங்மேல் சாதா பிளாஸ்டரை ஒட்டிவிட்டு, "அடுத்த தடவ மாத்திக்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.

நாலாவது விசிட். சலைன் ஏற்றிய அரை மணி நேரத்தில் அம்மாவுக்குத் தூக்கிப்போடுகிற குளிர்ஜுரம். ஆப்பில் கேட்டால், "டோலோ குடுங்க சார்." மறுநாள் லைன் போட்ட கை வளையல் மட்டும் கழற்ற வரவில்லை, அவ்வளவு வீக்கம். சோப்பு போட்டுத்தான் எடுத்தோம். ஆப்பில் கேட்டால், "கைய தலகாணி மேல வைங்க சார்."

ஆஸ்பத்திரியில் டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் அக்குள் நரம்பில் ரத்தக்கட்டி. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டில் கேண்டிடா, அதாவது பூஞ்சை. சாதா ஆன்டிபயாடிக் அதற்குக் கேட்காதாம். லைனை எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் பூஞ்சை இல்லை என்று வந்த நாளிலிருந்து 14 நாள் பூஞ்சை மருந்து, ரத்தக்கட்டிக்குக் குறைந்தது 3 மாதம் மருந்து. கண்ணுக்கும் பரவுமாம், கண் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சிலருக்கு வரும் என்று டாக்டர் சொன்னார். சரி, அதற்காக வாயால் ஊதலாமா?

பணத்தைக் கேட்டேன். "கம்ப்ளைன்ட் டிக்கெட் போட்டாச்சு சார்." அப்புறம், "சர்வீஸ் ஆரம்பிச்சா ரீஃபண்ட் கிடையாது." அப்புறம், "ஆஸ்பத்திரிலயே வந்திருக்கும்." இப்போது போனையே எடுப்பதில்லை. வந்தது 4 விசிட், போனது 38,500. நேற்று "எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்?" என்று மெசேஜ் வேறு.

என்னென்ன கவனிக்கணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். லைன் முனையை ஸ்பிரிட் பஞ்சால் 15 நொடியாவது தேய்த்து, தானாகக் காய்ந்த பிறகுதான் சிரிஞ்சை மாட்ட விடுங்கள். டிரஸ்ஸிங் பிரிந்தால் அன்றைக்கே மாற்றணும். குளிர்ஜுரமோ கை வீக்கமோ வந்தால் ஆப்பைக் கூப்பிட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ராத்திரி 2 மணியானாலும்.