ஆர்எக்ஸ் 100: 14 ஆண்டுகள் ஓட்டியதில் கண்டவை

2011-ஆம் ஆண்டு சேலத்தில், 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை இரண்டாவது உரிமையாளரிடமிருந்து வாங்கினேன். வீட்டில் வேறு வண்டி இருந்தும், வாரத்தில் நான்கு நாட்களாவது இதைத்தான் எடுக்கிறேன். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி வாங்கலாமா என்று கேட்பவர்கள் அதன் ஓட்டத்தைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள். அதை வைத்துக் காப்பாற்றுவதைப் பற்றியும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஓட்டத்தையே சொல்லிவிடுகிறேன். 50 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டமும், அதே அளவு ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலிருந்து கீழ் வரை நகரும் தூரம்) கொண்ட 98 சிசி எஞ்சின் இது. தருவதோ 11 குதிரைத்திறன். அதே காலத்து 100 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் ஏழெட்டுக் குதிரைத்திறனோடு நின்றுவிட்டன. ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிக்கும் இடத்தில் இது ஒவ்வொரு சுற்றிலும் எரிக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் மேலே இருக்கும் வால்வுகளோ, அவற்றைத் திறக்கும் கேம் ஷாஃப்டோ இல்லாததால் எடையும் குறைவு, மொத்த வண்டியே ஏறத்தாழ 100 கிலோதான். இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே போனால், ஓரளவு வேகம் வரை சாதாரணமாக இழுக்கும் எஞ்சின், திடீரெனக் குரல் மாறி, பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் பாயும். சைலன்சருக்குள் போய் மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியேறப் பார்க்கும் புதிய பெட்ரோல் கலவையைச் சரியான நேரத்தில் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளுவதால் வரும் பாய்ச்சல் அது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஒவ்வொரு வளைவு முடிந்து வண்டி நிமிரும்போது அந்த இழுப்பு கிடைக்கும். அதற்காகவே இந்த வண்டியை விற்க மனம் வருவதில்லை.

ஆனால் அந்த அலை எல்லா வேகத்திலும் பொருந்தி வராது. மற்ற நேரங்களில் எரியாத கலவையின் ஒரு பகுதி புகையோடு வெளியே போய்விடுகிறது. நகருக்குள் எனக்கு லிட்டருக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் கிடைத்ததில்லை. அதோடு எஞ்சினுக்குள் வழுக்கலுக்காகப் போகும் டூ-டி ஆயிலும் பெட்ரோலுடன் சேர்ந்து எரிந்து தீர்வதால், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் தனிச் செலவு. காலையில் கிக்கரை உதைத்தவுடன் எழும் நீலப் புகை பக்கத்து வீட்டுச் சன்னலுக்குள் போகிறது என்பது எனக்குத் தெரியும். வண்டியைத் தெருமுனை வரை தள்ளிச் சென்றுதான் ஸ்டார்ட் செய்கிறேன். 1985-இல் வந்த இந்த மாடல் 1996-இல் நின்றதற்குப் புகை விதிகள் இறுகியதே காரணம். இந்த எஞ்சினை நேசிக்கும் நானும் அந்த விதிகளைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

எஞ்சினைக் காக்கும் ஆயிலை எஞ்சினே எரித்துத் தீர்க்கிறது என்பதன் பொருளை நான் உணர்ந்தது 2016-இல். தர்மபுரியிலிருந்து சேலம் திரும்பும் வழியில் நெடுநேரம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு, தொப்பூர் இறக்கம் வந்ததும் கியரிலேயே விட்டு ஆக்ஸிலேட்டரை முழுவதுமாக மூடினேன். ஆயில் பம்ப் ஆக்ஸிலேட்டரோடு இணைந்தது. அதை மூடினால் ஆயிலும் குறையும், சக்கரமோ எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். சில நொடிகளில் எஞ்சின் இறுகிப் பின் சக்கரம் நின்று இழுபட்டது. கை உடனே கிளட்சைப் பிடித்ததால்தான் விழாமல் ஓரம் கட்ட முடிந்தது. மறுநாள் மெக்கானிக் பிஸ்டனைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். புகை வெளியேறும் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள். அலுமினியம் உருகி இழுபட்டு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் ஒன்று அதன் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிப்போயிருந்தது. நகத்தை வைத்துத் தடவினால் ஒவ்வொரு கோடும் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து இறக்கத்தில் கிளட்சைப் பிடித்தபடி அவ்வப்போது ஆக்ஸிலேட்டரைத் திருகிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச் மேல்தான் இருக்கும்.

பிளாக்கைப் போர் செய்து, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, 0.25 மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். அதில் ஒரு பாடம் உண்டு. ஒரு கடையில் ஒரிஜினல் என்று சொல்லி விற்ற அந்தப் பிஸ்டன் எட்டு மாதம்கூடத் தாங்காமல் தட்டத் தொடங்கியதால், இரண்டாம் முறை 0.50-க்குப் போக வேண்டியதாயிற்று. உதிரிபாகம் கிடைக்காமல் இல்லை; நல்லது எது, போலி எது என்று பிரித்தறிவதுதான் பெரும்பாடு. சைலன்சர் பைப்பில் படியும் கரியை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் பிக்கப் மந்தமாகும். பிளக் ஒன்று பையில் இல்லாமல் நான் ஊர் தாண்டுவதில்லை.

பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சினே வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக்கிங்கும் சொற்பம். டிஸ்க் பிரேக் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதில் ஏறினால் முதல் மாதம் இடைவெளியை இரட்டிப்பாக விட்டு ஓட்டுவது நல்லது. மழையில் இன்னும் கூடுதலாக.

வாங்க நினைப்பவர்கள் இன்று ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல், சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பிளாக் எத்தனையாவது போரில் இருக்கிறது என்று கேளுங்கள். கடைசி அளவுக்கு வந்துவிட்ட பிளாக் என்றால் புது ஸ்லீவ் (சிலிண்டருக்குள் பொருத்தும் குழாய்) போடும் செலவையும் விலையில் கழித்துப் பேசலாம். 15 ஆண்டு கடந்த வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்டிஓ அலுவலகத்தில் ஆய்வுக்கு நிறுத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நான் 2014, 2019, 2024 என மூன்று முறை புதுப்பித்துவிட்டேன். என் பிளாக் இன்னும் 0.50-இல்தான் இருக்கிறது, அடுத்த அளவுக்கான நல்ல பிஸ்டன் ஒன்றை இப்போதே வாங்கி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.