ஒரே இச்சையா, பல உந்துதல்களா? ஷோப்பன்ஹவரும் நீட்சேயும்

மனிதன் தன் செயல்களுக்குச் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை பிற்பாடு தேடிக்கொண்டவை என்ற கருத்தை உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டின் பெயரோடு மட்டும் சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அவருக்கு முன்பே ஜெர்மன் தத்துவவாதிகளான ஷோப்பன்ஹவரும் நீட்சேயும் இதை விரிவாக வாதிட்டிருக்கிறார்கள். இருவரையும் ஒரே அணியில் சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால், மனத்தின் அடியில் இயங்குவது ஒன்றா பலவா என்ற இடத்தில் அவர்கள் நேரெதிராக நிற்கிறார்கள்.

ஷோப்பன்ஹவருக்கு அது ஒன்றே. உலகம் முழுவதையும் இயக்கும் குருட்டு இச்சைதான் மனிதனுக்குள்ளும் இயங்குகிறது. அறிவு அதன் ஏவலாள். பார்வையுள்ள முடவனைத் தோளில் சுமந்து செல்லும் வலிமை மிக்க குருடன் என்று இந்த உறவை அவர் வருணித்தார். 1844இல் வெளிவந்த தம் முதன்மை நூலின் இரண்டாம் தொகுதியில் அவர் தரும் சான்றுகள், அவருடைய பெருந்தத்துவத்தை ஏற்காதவர்களையும் உறுத்தக்கூடியவை. கணக்குப் போடும்போது, ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாமலேயே, நமக்குச் சாதகமான பிழைகளையே நாம் அதிகம் செய்கிறோம்; யாருடைய சொத்து நமக்கு வரவேண்டுமோ அந்த நெருங்கிய உறவினர் இறந்த செய்தி கேட்டு உள்ளே எழும் மகிழ்ச்சியைக் கண்ட பிறகுதான், பல ஆண்டுகளாக நாம் அதை விரும்பியிருந்தோம் என்பதை வெட்கத்தோடு அறிந்துகொள்கிறோம்.

1865இல் லைப்சிக் நகரில் மாணவராக இருந்தபோது ஷோப்பன்ஹவரைப் படித்து மயங்கிய நீட்சே, பின்னாளில் அந்த ஒற்றை இச்சையையே உடைத்தார். 1881இல் வெளியான ‘வைகறை’ நூலில் மனம் என்பது ஒன்றோடொன்று போட்டியிடும் உந்துதல்களின் களம். கடைவீதியில் யாரோ நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்: ஒருவர் சண்டைக்குப் போகிறார், ஒருவர் தம் உடையில் என்ன குறை என்று பார்த்துக்கொள்கிறார், மற்றொருவர் பிறரை மகிழ்வித்தோமே என்று மகிழ்கிறார். நிகழ்ச்சி ஒன்றுதான், அந்த நேரத்தில் எந்த உந்துதல் இரைதேடிக் காத்திருந்ததோ அதுவே பொருளைத் தீர்மானிக்கிறது.

இந்த வேறுபாடு, ஓர் உந்துதலை அடக்குவது எப்படி என்ற கேள்வியில்தான் கூர்மை பெறுகிறது. இச்சையை முற்றிலும் மறுக்கும் துறவே விடுதலை என்பது ஷோப்பன்ஹவரின் முடிவு. இலத்தீன் வழியாக உபநிடதங்களைப் படித்து அவற்றைப் போற்றியவர் இங்கே வந்துசேர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் ஏவலாளான அறிவு எசமானை அடக்குவது எப்படி? சிலரிடம் அறிவு இச்சையின் தேவைக்கு மிஞ்சி வளர்ந்துவிடுகிறது என்று அவர் தரும் விளக்கம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. நீட்சேயோ, வாய்ப்பைத் தவிர்ப்பது, ஒழுங்கான காலவரையறைக்குள் கட்டுவது, திகட்டும்வரை அனுபவிப்பது, வேதனை தரும் எண்ணம் ஒன்றோடு பிணைப்பது, கடும் உழைப்புக்கு ஆற்றலைத் திருப்புவது, உடலையும் மனத்தையும் ஒட்டுமொத்தமாகத் தளர்த்துவது என ஆறு வழிகளை அடுக்கிவிட்டு, போராடவேண்டும் என்ற விருப்பமே நம் கையில் இல்லை என்கிறார்: ஓர் உந்துதலை எதிர்ப்பது அதற்குப் போட்டியான இன்னோர் உந்துதல், அறிவு அதன் கருவி. ஷோப்பன்ஹவர் விழுந்த குழியில் இந்த விளக்கம் விழவில்லை என்பதால் நான் இதன் பக்கமே சாய்கிறேன்.

அதற்கும் ஓர் விலை இருக்கிறது. நீட்சேயின் உந்துதல்கள் மதிப்பிடுகின்றன, பொருள்கொள்கின்றன, ஆதிக்கம் தேடுகின்றன; முழு மனிதனிடம் விளக்க முடியாததை உள்ளே இருக்கும் சிறு மனிதர்களிடம் தள்ளிவிட்டதாக ஒருவர் குறை சொன்னால் எளிதில் மறுக்க முடியாது.

பைத்தியத்தைப் பற்றி ஷோப்பன்ஹவர் எழுதியது வேண்டாத எண்ணங்களை மனம் நனவிலிருந்து தள்ளிவைக்கிறது என்ற தம் ஒடுக்குதல் கோட்பாட்டோடு பொருந்துவதை 1914இல் ஒப்புக்கொண்ட ஃப்ராய்ட், நீட்சேயைப் படிக்கும் இன்பத்தைத் தாமே தவிர்த்துக்கொண்டதாகவும் அதே இடத்தில் எழுதினார். 1923இல் அவர் வரைந்த மன அமைப்பில் உந்துதல்களைக் கட்டுப்படுத்தும் ‘ஈகோ’, அவற்றின் இருப்பிடமான ‘இட்’டிலிருந்தே உருவான ஒரு பகுதி, ஆகவே அடக்குவது யார் என்ற நீட்சேயின் கேள்வியை அவரிடமும் கேட்கவேண்டியிருக்கிறது.